பேட்டரியிலிருந்து ஆரம்பித்தேன்

"இன்னும் பேட்டரியத்தான் பாத்துக்கிட்டு இருக்கியா? ஏண்ணே, இங்கன அவருக்கு..."

"பொறு ஏளா, கரண்டு எங்கன நிக்குன்னு தெரியாம நான்..."

"கரண்டு நின்னுட்டு, ரத்தம் நிக்க மாட்டங்குதே. கட்டுன சேல பூரா..."

"இன்னும் இறுக்கிக் கட்டு. நான் ஒவ்வொண்ணாத்தான..."

"ஒவ்வொண்ணா, ஒவ்வொண்ணா. எப்பம் முடியும் ஒன் ஒவ்வொண்ணு?"

1974 மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நானும் என் தங்கை ஹில்டாவும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஐயா, நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று இங்கிருந்தே தொடங்குகிறேன். என் பெயர் இஞ்ஞாசி. தூத்துக்குடி துறைமுகத்தில் லாரி மெக்கானிக். வயது நாற்பத்தெட்டு. கலியாணம் ஆகவில்லை.

கரண்டு வராத வண்டியில் குறை கண்டுபிடிப்பது கஷ்டமான வேலை இல்லை. பொறுமை இருந்தால் போதும். பேட்டரியில் புறப்படுகிற கரண்டு சுவிட்சுக்கு வந்து, காயிலுக்குப் போய், டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகப் பிளக்கில் பொறியாக விழ வேண்டும். வழியில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவசரப்படுகிற மெக்கானிக் நடுவில் கை வைப்பான். நான் அன்றைக்குப் பேட்டரியிலிருந்து ஆரம்பித்தேன். அது தப்பு என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல முடியாது. கொஞ்சம் நீளமான வழி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வண்டி என் தங்கை புருஷன் அம்புரோசுடையது. இரண்டே சீட்டு உள்ள இங்கிலீஷ் வண்டி. ரேசுக்கு விடுகிற மாதிரி தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். துணிக் கூரையை மடக்கிப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். இங்கே ஒரு மில்லில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் கப்பலேறும்போது விட்டுப்போனது. ஏழு வருஷம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் கோழி முட்டையிடக் கிடந்ததை அம்புரோஸ் வாங்கினான். வேலை முடிந்து வந்த சாயங்காலங்களில் உட்கார்ந்து, இரண்டு வருஷத்தில் அதை ஓட வைத்தவன் நான். அதில் நான் தொடாத ஒயர் ஒன்று கிடையாது.

முதன்முதலில் வண்டி கிளம்பிய அன்று ஹில்டா ஓடிவந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"அப்பம் நான் எங்கன இருக்க?" என்று கேட்டேன்.

"மச்சானுக்குத்தான் டிக்கி இருக்குல்லா, டூல்ஸ் பெட்டியோட," என்றான் அம்புரோஸ்.

மூன்று பேரும் சிரித்தோம். நல்ல பகடிதான்.

அம்புரோஸ் சங்கு குளிப்பவன். எங்கள் கரையில் சங்கெடுக்க முங்குகிறவனுடைய கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்ற நம்பிக்கை. துறைமுகத்தில் வேலை கிடைப்பதற்கு முன் ஆறு சீசன் அவன் கயிறு என் கையில் இருந்தது. கீழேயிருந்து இரண்டு தரம் சுண்டினால் இழுக்க வேண்டும். ஒரு மூச்சு நேரம்கூட நான் பிந்தியதில்லை. அதை நீங்கள் கரையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

ஹில்டாவுக்கு ஒன்பது வயதாகும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா போன தோணி கொழும்புக்கும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. அவளுக்குத் தலை பின்னியது, ஸ்கூலில் கொண்டுபோய் விட்டது, கோயிலில் முதல் நன்மை வாங்க வெள்ளைக் கவுன் தைக்கத் துணி எடுத்தது எல்லாம் நான். கலியாணம் ஆன பிறகும் அவர்கள் என் வீட்டில்தான் இருந்தார்கள். உப்பளங்களுக்கு அப்பால், கடலோரமாக ஒரே வரிசையில் ஆறு வீடுகள். அதில் கடைசி வீடு எங்களுடையது.

அந்த மார்ச்சில் அம்புரோசுக்குக் கொச்சித் துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் முங்கிப் பார்க்கிற வேலை கிடைத்தது. இரும்புத் தொப்பி மாட்டிக்கொண்டு இறங்குவார்களாம். ஹில்டாவைக் கூட்டிக்கொண்டு அந்த வண்டியிலேயே போகிறதாக ஏற்பாடு. ஹில்டாவுக்குப் போக இஷ்டமில்லை. அவள் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. சேலைகளைப் பெட்டியில் அடுக்கும்போது அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். வளர்த்தவனுக்குத் தெரியாதா.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். அன்று விடியும்போதே மற்ற ஐந்து வீட்டுச் சனமும் லாரியில் ஏறி டவுனுக்குப் பூசை காணப் போய்விட்டது. மத்தியானம்தான் திரும்பும். அம்புரோசும் ஹில்டாவும் இரண்டாம் பூசை கண்டுவிட்டு அப்படியே கொச்சி ரோட்டைப் பிடிப்பதாக இருந்தார்கள். வழியனுப்ப நான் நின்றேன். ஏழு மணிக்கு அம்புரோஸ் செல்ஃப் அடித்தான். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

"என்ன மச்சான், ஒங்க பிள்ள மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு?"

"பனி இறங்கியிருக்கும். பாக்கேன், நீ இறங்கு."

"லாரிக்கெல்லாம் பிரசவம் பாக்கிற கையி. இதுக்கு எம்புட்டு நேரம் ஆவும்?"

"ஆவும்."

இரண்டு மணி நேரம் கரையில் அங்கும் இங்கும் நடந்தான். பிறகு சட்டையைக் கழற்றி ஹில்டாவின் தோளில் போட்டான். "கடைசியா ஒரு முங்கு முங்கிட்டு வாரேன். இனி இந்தத் தண்ணிய எப்பம் பாக்கப் போறனோ."

"ஞாயித்துக்கிழம தண்ணியில இறங்காதிய," என்றாள் அவள்.

"மீனா பிடிக்கப் போறேன்? குளிக்கதுக்குப் பாவம் கெடையாது ஏளா."

இடுப்பளவு தண்ணீர்தான். மணலில் புதைந்து கிடந்த திருக்கையை மிதித்துவிட்டான். வால் முள் உள்தொடையில் ஏறி, உள்ளேயே கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவனாகவே தவழ்ந்து கரை சேர்ந்தான். ஹில்டாவும் நானும் தூக்கிவந்து, ஏற்றுவதற்கு வசதியாக வண்டியின் முன் சக்கரத்துப் பக்கம் ஓலைப்பாயில் கிடத்தினோம். மணி ஒன்பதேகால். ஆஸ்பத்திரி ஒன்பது மைல். அந்த வண்டிக்கு இருபத்தைந்து நிமிஷம் போதும்.

அப்போதுதான் நான் மறுபடியும் பேட்டரியிலிருந்து ஆரம்பித்தேன்.

முனைகளைச் சுரண்டித் துடைத்து மாட்டினேன். எர்த் ஒயரைக் கழற்றி, துருவை எடுத்து முறுக்கினேன். சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன். சின்ன பல்பு ஒன்றை ஒயரில் கட்டி ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தேன். காயில் வரைக்கும் பல்பு எரிந்தது. "பாத்தியா, இங்கன வரைக்கும் வருது," என்று ஹில்டாவிடம் காட்டினேன். அவள் பல்பைப் பார்க்கவில்லை.

"மச்சான்," என்றான் அம்புரோஸ் பாயிலிருந்து. முகம் உப்புப் பூத்த மாதிரி வெளுத்திருந்தது. ஆனாலும் பேச்சில் அப்போதும் பகடி இருந்தது. "கொச்சிக்கு வேண்டாம். பெரியாஸ்பத்திரி வரைக்கும் விட்டாப் போதும்."

"வந்துட்டேன் மாப்பிள."

காயிலில் இருந்து வருகிற தடித்த ஒயரைப் பிடுங்கி இன்ஜின் பக்கத்தில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். பொறி விழுந்தால் காயில் வரைக்கும் சரி, குறை அதற்கு மேலே என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். எந்த மெக்கானிக்கும் முதலில் இதைத்தான் செய்வான். நான் அதைச் செய்யவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தேன். ஒயரெல்லாம் மூடியோடு சேர்ந்தே இருக்கும். அதை ஹில்டா கையில் கொடுத்து, "இதப் பிடிச்சிக்கோ, கீழ போட்டுராத," என்றேன். ரத்தம் பட்ட கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நடுவில் ஒரு தண்டு மொட்டையாக நின்றது. பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தேன். கண்டன்சரைக் கழற்றினேன், மாட்டினேன். மூடியை வாங்கிப் போட்டேன். செல்ஃப் அடித்தேன். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

பிடிக்காது. அந்தத் தண்டின் தலையில் ரோட்டார் என்று கட்டைவிரல் பருமனில் ஒரு சாமான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பங்கு வைக்கும். அது என் இடுப்பில், சாரத்து மடியில் இருந்தது. காலை ஐந்து மணிக்கு, அவர்கள் எழுந்திருப்பதற்கு முன் எடுத்து வைத்தேன்.

அம்புரோசைக் கொல்ல எடுத்தேன் என்று நீங்கள் எழுதினால் அது பொய், ஐயா. அன்று ஒரு நாள் மட்டும் அவர்கள் போகக் கூடாது என்று எடுத்தேன். ஒரு நாள் நின்றால் ஹில்டா மனசைத் திறந்து சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சாயங்காலம் நானே குறையைக் கண்டுபிடித்த மாதிரி மாட்டிவிடுவதாக இருந்தேன். திருக்கையை நான் கொண்டுவந்து போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறங்கு என்றும் நான் சொல்லவில்லை.

ஏன் உடனே மாட்டவில்லை என்று கேட்பீர்கள். அவள் பக்கத்திலேயே நின்றாள். அவள் பார்க்க மடியிலிருந்து எடுத்து எப்படி மாட்டுவது? அவள் கொஞ்சம் நகரட்டும் என்று காத்திருந்தேன். இதை நான் நாலு வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டு வருகிறேன். உங்களிடமும் சொல்லிப் பார்த்தேன். அவள் நகரத்தான் செய்தாள். தண்ணீர் எடுக்க இரண்டு தரம் வீட்டுக்குள் போனாள். இரண்டாம் தரம் சேலை கிழித்துக்கொண்டு வரவும் நேரமானது. நான் அப்போது பிளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலு பிளக். நாலும் சுத்தமாகத்தான் இருந்தன.

திரும்பி வந்தவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் உப்பள ரோட்டுக்கு ஓடுதேன். லாரி ஏதாது வரும், நிப்பாட்டிக் கூட்டிட்டு வாரேன்."

"ஞாயித்துக்கிழம லாரி ஏது? நீ போய்ட்டா அவனுக்கு ஆரு தண்ணி குடுப்பா? இந்தா, ரெண்டு நிமிசம். வண்டி வந்துரும்."

அவள் நின்றுவிட்டாள். நான் சொன்னால் கேட்பாள், சின்ன வயசிலிருந்தே அப்படி. ஞாயிற்றுக்கிழமையும் உப்பு லாரி ஓடும் என்று லாரி மெக்கானிக்கான எனக்குத் தெரியும். அன்றும் இரண்டு ஓடின. அதில் ஒன்றுக்கு அந்த வாரமே நான்தான் பிரேக் பார்த்தேன். டிரைவரிடம் எத்தனை மணிக்கு அந்த வழியாகப் போனீர்கள் என்று கேட்டும் தெரிந்துகொண்டேன். பத்தேகால்.

பத்து மணிக்கு மேல் அம்புரோஸ் பேசவில்லை. நான் மட்கார்டு மேல் குனிந்து நின்றபோது சாரத்தின் கீழ் ஓரத்தில் ஏதோ பிடித்தது. அவன் கை. இரண்டு தரம் சுண்டினான். கண் மூடியிருந்தது. நினைவோடு செய்தானா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. "வந்துட்டேன் மாப்பிள," என்றேன். கை தானாகவே விட்டது.

அதற்குப் பிறகு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. ஹில்டா அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவன் காதில் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். வண்டியை அவள் பார்க்கவே இல்லை. மூடியைத் திறந்தேன், மாட்டினேன், மூடினேன். செல்ஃப் அடித்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. நல்ல வண்டி, அரைச் சுற்றில் பிடிக்கும்.

"வந்துட்டு, வந்துட்டு," என்று அவள் அழுதுகொண்டே எழுந்தாள்.

வண்டியில் இரண்டு சீட்டுதான் என்று சொன்னேன் அல்லவா. நான் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் அவன். மடக்கி வைத்த துணிக் கூரை மேல் ஹில்டா ஏறி உட்கார்ந்து, பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு நிமிஷத்தில் போனோம். டாக்டர் கண் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்றார். வண்டி ரிப்பேர் என்று ஹில்டாதான் சொன்னாள்.

கரையில் யாரும் இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்குக் காரணம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஆண்டவருடைய நாளில் கடலில் இறங்கினான், போனான். வலையோடு இறங்கினான் என்றுகூட நாளாவட்டத்தில் சொன்னார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிப் பயங்காட்டினார்கள். அவன் வலை கொண்டுபோகவில்லை. நான் திருத்தவில்லை.

ஹில்டா என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒவ்வொரு வருஷமும் அவன் நினைவுப் பூசைக்குப் போய்விட்டு வந்து எனக்குச் சோறு வைக்கும்போது, "நீயும் என்ன செய்வ? அஞ்சு நிமிசம் முந்திக் கண்டுபிடிச்சிருந்தா ஆளு பொழச்சிருக்கும். ஒன் தலையெழுத்தா அது?" என்பாள். கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்வாள். நான் மீனில் முள் பொறுக்கிக்கொண்டிருப்பேன். அவள் வீட்டில் இருந்தாள். மூன்று வேளையும் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். நான் கேட்டதும் அதுதான்.

வண்டியைத் தகரக் கொட்டகையில் விட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டேன். பேட்டரி இல்லாத வண்டியில் செல்ஃப் சுற்ற வழியில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், எல்லோரும் பூசைக்குப் போன பிறகு, கொட்டகைக்குள் அது சுற்றும். சுற்றும், பிடிக்காது. முதல் வருஷம் போய்ப் போய்ப் பார்த்தேன். தார்ப்பாயை விலக்கினால் பேட்டரி இருந்த இடத்தில் துரு மட்டும் இருக்கும். பிறகு போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வேலை செய்கிற இடத்திலும் உண்டு. லாரிக்கு மேல் குனிந்து நிற்கும்போது கீழே சாரத்தை யாரோ சுண்டுவார்கள். இரண்டு தரம். அதனால்தான் இப்போது கால்சட்டை போட்டுக்கொள்கிறேன். பிரயோசனம் இல்லை. துணியைத்தான் மாற்ற முடிகிறது.

போன மாதம் சாயர்புரத்திலிருந்து பால்துரை அண்ணாச்சி வந்தார். பாத்திரக் கடைக்காரர். மகன் கலியாணத்துக்குப் பெண் மாப்பிள்ளையை ஊர்வலம் விட அந்த வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நான் வேண்டாம் என்றேன். ஹில்டா, "குடுத்துருவோம்ணே. எத்தன நாளைக்கு அத மூடி மூடி வைக்க," என்றாள். அவர் கையோடு சிவனாண்டி என்று ஒரு மெக்கானிக்கையும் புதுப் பேட்டரியையும் கொண்டுவந்திருந்தார். செல்ஃப் அடித்தார்கள். சுற்றியது, பிடிக்கவில்லை. நிஜமாகவே சுற்றியதால் எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது.

சிவனாண்டி காயில் ஒயரைப் பிடுங்கினான். பொறி நீலமாகத் தெறித்தது. "இங்கன வரைக்கும் ராசா மாதிரி வருது. குற மேலதான்," என்று மூடியைத் திறந்து ஹில்டாவிடம் நீட்டினான். "யக்கா, இதச் செத்த பிடிங்க."

அவள் வாங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். சிவனாண்டி தண்டின் தலையிலிருந்து ரோட்டாரைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினான். அதில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"இந்தச் சாமான் என்னதுப்பா?"

"ரோட்டாரு யக்கா. இது சரியில்லன்னா பிளக்குக்குக் கரண்டு போவாது."

"இது இல்லாமலும் இருக்குமா, வண்டி?"

"அதெப்படி? எவனாது கழத்துனாத்தான் இல்லாம இருக்கும். வெள்ளக்காரன் வண்டிய நிப்பாட்டிட்டுப் போகும்போது இதக் கழத்திப் பைக்குள்ள போட்டுட்டுப் போவானாம், களவாணி எடுக்கக் கூடாதுன்னு."

"பெரிய கில்லாடிதான்," என்று பால்துரை அண்ணாச்சி சிரித்தார்.

ஹில்டா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மூடியைச் சிவனாண்டி கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். இன்ஜினில் எது எதுக்கு என்று அவளுக்கு எதுவுமே தெரியாது, ஐயா. ஆனால் புருஷன் செத்துக்கொண்டிருந்தபோது கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்ததைப் பெண்பிள்ளை மறப்பாளா. அந்த மொட்டைத் தண்டு அவள் கண்ணுக்குள்ளேயே நாலு வருஷம் நின்றிருக்கிறது. அது என்ன என்றுதான் தெரியாமல் இருந்தது.

அவர்கள் போன பிறகு நான் அடுக்களைக்குப் போனேன். அவள் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அன்னைக்கு அது அங்கன இல்ல," என்றாள், மீனைப் பார்த்தபடியே. "இல்ல," என்றேன். எங்கே இருந்தது என்று கேட்டாள், மடியில் என்றேன். தண்ணீர் எடுக்கப் போனபோதும் மடியில்தானா என்றாள். ஆமாம் என்றேன். உப்பு லாரி எத்தனை மணிக்குப் போனது என்பதையும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. இன்று வரை யாரிடமும் சொல்லவும் இல்லை, உங்களிடம் புகார் கொடுக்கவும் இல்லை. இந்த ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை. அவள் அன்றைக்குக் கேட்டது ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சொல்லி முடித்தபின் நான் உள்ளதைச் சொன்னேன். "ஒனக்காவத்தான் செஞ்சேன் ஏளா. ஒனக்குப் போவப் பிடிக்கல. நீ அழுதத நான் பாத்தேன்."

அவள் அரிவாள்மனையைப் படுக்க வைத்தாள். கையைக் கழுவினாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

"இந்த வீட்ட விட்டுப் போயிருவோம், போயிருவோம்னு அவர அரிச்சதே நாந்தாண்ணே. அது ஒனக்குத் தெரியும்லா?"